ரொட்டிப் பூஞ்சையும் கருப்புப் பூஞ்சை நோயும்: வித்துகளைப் பற்றி நோயாளிகளும் உடனிருப்போரும் அறிய வேண்டியவை

கடலும் முட்டுக்காட்டுக் கழிமுகமும் அருகருகே அமைந்த கோவளம் போன்ற கடலோர ஊர்களில் காற்றின் ஈரப்பதம் ஆண்டின் பெரும்பகுதியில் மிகுந்தே இருக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அது மேலும் கூடுகிறது. காலையில் வாங்கி அலமாரியில் வைத்த ரொட்டியில் மூன்றாம் நாள் வெண்பஞ்சு போன்ற படலமும், அதற்கடுத்த நாள் அதன் மேல் கரும்புள்ளிகளும் தோன்றுவதை இப்பகுதியில் காணாத வீடு இருக்க முடியாது. "பூசணம் பிடித்துவிட்டது" என்று கூறித் தூக்கி எறிந்துவிடுவது நம் வழக்கம்.

ஆனால் 2021ஆம் ஆண்டுக்குப் பின் இக்கரும்புள்ளிகளைக் காணும் சர்க்கரை நோயாளிகள் சிலர் அச்சத்துடன் மருத்துவரிடம் வருகின்றனர். "தெரியாமல் ஒரு துண்டைத் தின்றுவிட்டேன். கருப்புப் பூஞ்சை நோய் வந்துவிடுமா?" என்பது அவர்களது கேள்வி. இக்கேள்வி அறியாமையால் எழுவதன்று. ரொட்டியில் வளரும் பூஞ்சையும் கருப்புப் பூஞ்சை நோயைத் தோற்றுவிக்கும் பூஞ்சையும் உண்மையிலேயே ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டும் வித்துகளின் மூலமே பரவுகின்றன. எனினும் ஒன்று குப்பைக்குச் செல்கிறது, மற்றொன்று கண்ணையும் உயிரையும் பறிக்க வல்லது. இவ்வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதை அறிந்துகொண்டால், எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்பது தெளிவாகும்.

பூஞ்சை வளரும் விதம்

பூஞ்சை தாவரமும் அன்று, விலங்கும் அன்று. அதற்குப் பச்சையம் இல்லாததால் சூரிய ஒளியிலிருந்து உணவு தயாரிக்க இயலாது. தான் அமர்ந்திருக்கும் பொருளின் மீது செரிமான நொதிகளைச் சுரந்து, அப்பொருள் கரைந்த பின் அதை உறிஞ்சிக்கொள்கிறது. சுருங்கக் கூறின், நாம் உண்ட பின் செரிக்கிறோம். பூஞ்சை செரித்த பின் உண்கிறது.

ரொட்டியில் பெரும்பாலும் காணப்படும் பூஞ்சையின் பெயர் ரைசோபஸ் ஸ்டோலோனிஃபர் என்பதாகும். நீங்கள் காணும் வெண்பஞ்சு, நூலினும் மெல்லிய எண்ணற்ற இழைகளின் பின்னல் ஆகும். சில இழைகள் செம்பருத்திக்கு வேர் இறங்குவது போல ரொட்டியினுள் இறங்கிச் சாரத்தை உறிஞ்சுகின்றன. சில இழைகள் வல்லாரைக் கொடி போல மேற்பரப்பில் ஓடி, சிறிது தூரம் சென்று மீண்டும் ஊன்றிக்கொள்கின்றன. இதனால்தான் ஒரு மூலையில் தொடங்கிய பூஞ்சை ஓரிரவில் முழுத் துண்டையும் மூடிவிடுகிறது. மூன்றாம் வகை இழைகள் நேராக மேல்நோக்கி எழுகின்றன. அவற்றின் நுனியில் குண்டூசித் தலை போல ஓர் உருண்டை உருவாகிறது. அதுவே வித்தகம். வெறுங்கண்ணுக்குக் கரும்புள்ளியாகத் தெரிவது இதுவே.

ஒவ்வொரு வித்தகத்தினுள்ளும் ஆயிரக்கணக்கான வித்துகள் உள்ளன. முதிர்ந்தவுடன் அதன் மெல்லிய உறை உடைந்து வித்துகள் வெளிப்படுகின்றன. மின்விசிறிக் காற்றோ, நாம் பொட்டலத்தைப் பிரிக்கும் அசைவோ போதும், அவை பறந்துவிடும். ஒரு வித்தின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் ஒரு பங்கு அளவே இருக்கும். இக்காரணத்தால் அவை காற்றில் நெடுநேரம் மிதக்கின்றன. நாம் சுவாசிக்கும்போது மூக்கினுள்ளும் செல்கின்றன.

வித்து என்பதை விதை என்று எண்ணிவிடக் கூடாது. விதையினுள் ஒரு கருவும் அதற்கான உணவும் இருக்கும். வித்தில் அவ்வாறு கரு ஏதும் இல்லை. தடித்த சுவருக்குள் உறங்கும் ஒரு சிறு உயிர்ப்பொருளே அது. வறட்சியைத் தாங்கிக்கொண்டு காத்திருக்கும். ஈரமும் மாவுச்சத்தும் இதமான வெப்பமும் ஒருசேரக் கிடைத்தவுடன் நீரை உறிஞ்சிப் பருத்து, சில மணி நேரத்தில் முதல் இழையை நீட்டுகிறது. அந்த இழை வளர்ந்து, கிளைத்து, இரண்டு மூன்று நாட்களில் தானே வித்தகங்களை எழுப்புகிறது. இது பாலிலா இனப்பெருக்கம். இதற்கு இணை தேவையில்லை. நாம் வீட்டில் காண்பது பெரும்பாலும் இதுவே.

பாலினப்பெருக்கமும் உண்டு. ஆனால் அதற்கு இரு வேறு வகை இழைகள் சந்திக்க வேண்டும். தோற்றத்தில் ஆண், பெண் என்ற வேறுபாடு இல்லாததால் அவற்றைக் கூட்டல் வகை, கழித்தல் வகை என்றே அறிவியலாளர் குறிக்கின்றனர். அமெரிக்கத் தாவரவியலாளர் பிளேக்ஸ்லீ 1904ஆம் ஆண்டில் இதைக் கண்டறிந்து வெளியிட்டார். இவ்விரு வகை இழைகளும் ஒன்றையொன்று நெருங்கி இணையும்போது தடித்த, கரிய, சொரசொரப்பான சுவருடைய ஒரு வித்து உருவாகிறது. அது பல மாதங்கள் உறங்கிக் கிடந்து பின் முளைக்கும். நோய் பரவுவதில் இதற்குப் பங்கு இல்லை என்றே கூறலாம்.

பூஞ்சை தானாகவே அழுகலிலிருந்து தோன்றுகிறது என்று மக்கள் நெடுங்காலம் நம்பினர். இத்தாலியத் தாவரவியலாளர் மிக்கேலி 1729ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், பூஞ்சையின் வித்துகளை எடுத்து முலாம்பழத் துண்டுகளின் மீது தூவியபோது அதே பூஞ்சை மீண்டும் முளைத்ததைப் பதிவு செய்தார். ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன் தெளிவான செய்தி இது. ஆயினும் "ரொட்டி கெட்டுப்போனதால் பூஞ்சை வந்தது" என்றே நாம் இன்றும் பேசுகிறோம். உண்மையில் பூஞ்சை வந்ததால்தான் ரொட்டி கெட்டது. அடுமனையின் வெப்பத்தில் மாவிலிருந்த பூஞ்சை வித்துகள் அழிந்துவிடுகின்றன. ரொட்டி ஆறும்போதும், துண்டு போடும்போதும், நம் கையிலும் கத்தியிலும் காற்றிலும் உள்ள வித்துகள் அதன் மீது புதிதாக விழுகின்றன.

பூஞ்சை படிந்த ரொட்டியை என்ன செய்வது?

முழுவதையும் அப்புறப்படுத்துங்கள். புள்ளியிட்ட பகுதியை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு மீதியை உண்பது தவறு. மேலே கூறியவாறு, கண்ணுக்குத் தெரியும் புள்ளி வித்தகம் மட்டுமே. உறிஞ்சும் இழைகள் மென்மையான உணவினுள் ஏற்கெனவே ஊடுருவியிருக்கும். கெட்டுவிட்டதா என்று மூக்கருகே கொண்டுசென்று முகர்ந்து பார்க்கும் பழக்கத்தையும் விட வேண்டும். வித்துகளை நேரடியாக மூக்கினுள் இழுத்துக்கொள்வதற்கு அதைவிட எளிய வழி இல்லை. பொட்டலத்தை உதறாமல் அப்படியே ஒரு பையில் இட்டுக் கட்டி வெளியேற்றுங்கள். ரொட்டி வைத்திருந்த பாத்திரத்தைச் சோப்பு நீரால் கழுவி வெயிலில் காய வையுங்கள்.

அறியாமல் ஒரு துண்டை உண்டுவிட்டால்? உடல்நலமுள்ள ஒருவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் நேராது. சிலருக்கு வயிற்றுக் குமட்டல் ஏற்படலாம். ரைசோபஸ் ஸ்டோலோனிஃபர் நம் உடல் வெப்பமான 37 டிகிரியில் செழித்து வளர்வதில்லை என்பது இங்கு நினைவில் கொள்ளத்தக்கது. கடுமையான வாந்தியோ வயிற்றுவலியோ இருந்தால் மருத்துவரை அணுகுங்கள். நோயெதிர்ப்பு ஆற்றல் மிகக் குறைந்தவர்கள், அதாவது உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றோர், புற்றுநோய்க்கு மருந்து எடுத்துக்கொள்வோர் ஆகியோர் உண்டிருந்தால் அறிகுறி தோன்றும்வரை காத்திராமல் தங்கள் மருத்துவரிடம் தெரிவித்துவிடுவது நல்லது.

ரொட்டியை விட நிலக்கடலை, கொப்பரை, மக்காச்சோளம் ஆகியவற்றில் படியும் பூஞ்சை குறித்தே நான் அதிகம் எச்சரிக்க விரும்புகிறேன். அவற்றில் வளரும் ஆஸ்பெர்ஜில்லஸ் வகைப் பூஞ்சைகள் அஃப்ளாடாக்சின் என்னும் நச்சை உண்டாக்குகின்றன. அது கல்லீரலைத் தாக்கும். வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுமையாக நீங்காது. 1974ஆம் ஆண்டில் ராஜஸ்தான், குஜராத் எல்லைப் பகுதிக் கிராமங்களில், மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தை உண்டவர்களிடையே கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பூஞ்சை பிடித்த கடலையை வெயிலில் காயவைத்துத் துடைத்துப் பயன்படுத்துவது சிக்கனம் ஆகாது. கருவாட்டிலும் பூஞ்சைப் படலம் தோன்றினால் கழுவிச் சமைக்காமல் ஒதுக்கிவிடுங்கள்.

2021இல் நிகழ்ந்தது

கோவிட் இரண்டாம் அலையின்போது மியூகோர்மைகோசிஸ் எனப்படும் நோய் நாடெங்கும் பரவலாகக் கண்டறியப்பட்டது. மக்கள் அதைக் கருப்புப் பூஞ்சை என்று அழைத்தனர். 2021 மே மாதத்தில் தமிழ்நாடு அரசு இதனை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக ஆணையிட்டது. அதாவது, இந்நோயைக் கண்டறியும் அரசு, தனியார் மருத்துவமனைகள் அனைத்தும் பொது சுகாதாரத் துறைக்குத் தகவல் அளிப்பது கட்டாயமாயிற்று. அவ்வாண்டு ஜூன் 28 வரை இந்தியா முழுவதும் 40,845 பேருக்கு இந்நோய் கண்டறியப்பட்டதாகவும், 3,129 பேர் உயிரிழந்ததாகவும் மத்திய அரசு தெரிவித்தது. பாதிக்கப்பட்டோரில் ஏறத்தாழ 64 விழுக்காட்டினர் சர்க்கரை நோயாளிகள். பாதிக்கும் மேற்பட்டோர் ஸ்டீராய்டு மருந்து பெற்றவர்கள்.

இவ்விரு எண்களும் ஏன் முக்கியமானவை என்பதைக் காண்போம்.

இந்தியாவில் இந்நோயைத் தோற்றுவிப்பதில் முதலிடம் பெறுவது ரைசோபஸ் அர்ரைசஸ் என்னும் பூஞ்சை. ரொட்டிப் பூஞ்சையின் நெருங்கிய உறவு இது. ஆனால் இதற்கு 37 டிகிரி வெப்பம் ஒரு தடையன்று. மண்ணிலும், மட்கும் இலைதழைகளிலும், அழுகும் பழங்களிலும், காற்றிலும் இதன் வித்துகள் உள்ளன. இக்கட்டுரையை வாசிக்கும் உங்கள் மூக்கினுள்ளும் அவை சென்றிருக்கக்கூடும். அப்படியானால் ஏன் எல்லோருக்கும் நோய் வருவதில்லை? மூக்கின் ஈரப்படலம் வித்துகளைப் பிடித்து வெளியேற்றுகிறது. தப்பிச் செல்பவற்றை வெள்ளணுக்கள் சூழ்ந்து, முளைக்க விடாமல் தடுத்து அழிக்கின்றன. உடல்நலமுள்ளவர்களிடம் இந்தக் காவல் ஒருபோதும் ஓய்வதில்லை.

இரத்தச் சர்க்கரை நீண்ட நாட்கள் கட்டுக்கடங்காமல் இருக்கும்போது இவ்வணுக்களின் செயல்திறன் குன்றுகிறது. சர்க்கரை மிக அதிகமாகி, உடலில் கீட்டோன் என்னும் அமிலப் பொருள்கள் சேரும் நிலை இன்னும் ஆபத்தானது. இரத்தத்தில் இரும்புச்சத்து ஒரு புரதத்துடன் பிணைக்கப்பட்டிருக்கும். பூஞ்சையால் அதை எளிதில் எடுக்க முடியாது. இரத்தம் அமிலத்தன்மை அடையும்போது அப்பிணைப்பு தளர்ந்து இரும்பு விடுபடுகிறது. ரைசோபஸ் வளர்வதற்கு இரும்பு இன்றியமையாதது. ஆக, சர்க்கரை, அமிலம், இரும்பு, சோர்ந்த வெள்ளணுக்கள் ஆகிய அனைத்தும் ஒருசேர அமைந்த உடல், ஈரமான ரொட்டியைப் போலாகிவிடுகிறது. வித்து முளைக்கிறது.

ஸ்டீராய்டு மருந்து இரு வழிகளில் இதற்குத் துணைபோகிறது. அது வெள்ளணுக்களை அடக்குகிறது. இரத்தச் சர்க்கரையையும் உயர்த்துகிறது. இதைக் கண்டு ஸ்டீராய்டை வெறுக்க வேண்டியதில்லை. ஆக்சிஜன் தேவைப்பட்ட கோவிட் நோயாளிகளின் உயிரை அது காத்தது; ஆஸ்துமாவிலும் வேறு பல நோய்களிலும் இன்றும் காக்கிறது. தவறு நேர்ந்தது எங்கெனில், தேவையற்றோருக்கு, தேவைக்கு மீறிய அளவில், தேவைக்கு மேற்பட்ட நாட்கள், சர்க்கரை அளவைக் கண்காணிக்காமல் கொடுக்கப்பட்டபோதும், பழைய மருந்துச் சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வாங்கிக்கொள்ளப்பட்டபோதும்தான். மருத்துவர் எழுதித் தந்த ஸ்டீராய்டை இக்கட்டுரையைப் படித்துவிட்டுத் தாமாக நிறுத்துவதும் கூடாது. பல நாட்கள் எடுத்த பின் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

ஆக்சிஜன் கருவியின் ஈரமூட்டும் குடுவையில் குழாய் நீர் ஊற்றியதே காரணம் என்று அக்காலத்தில் பரவலாகப் பேசப்பட்டது. அது உறுதி செய்யப்படவில்லை. எனினும் வீட்டில் ஆக்சிஜன் பெறும் நோயாளி இருந்தால், குடுவையில் நுண்ணுயிர் நீக்கிய நீரை மட்டும் நிரப்பி நாள்தோறும் மாற்றுவது அவசியம். இது பூஞ்சைக்காக மட்டுமன்று.

ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுமா?

தொற்றாது. 2021இல் நோயாளிகளின் குடும்பங்கள் பட்ட துன்பங்களில் ஒரு பகுதி இதை அறியாததால் விளைந்தது. அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவருக்குத் தனித் தட்டு, தனிப் படுக்கை, குழந்தைகளை அருகே விடாமை என்றெல்லாம் நடந்தன. சில வீடுகளில் இன்றும் நடக்கின்றன.

ஏன் தொற்றாது என்பதற்கான விடை, மேலே விளக்கிய வித்தகத்தில் உள்ளது. பூஞ்சை பரவ வேண்டுமெனில் வித்துகள் தேவை. வித்துகள் உருவாக வேண்டுமெனில் இழைகள் காற்றில் எழுந்து நின்று வித்தகம் அமைக்க வேண்டும். ரொட்டியின் மேற்பரப்பில் அதற்கு இடமுண்டு. நோயாளியின் திசுக்களுக்குள் பூஞ்சை இழையாக மட்டுமே பரவுகிறது. பொதுவாக அங்கு வித்தகம் எழுவதில்லை. நோயாளியின் திசுவை நுண்ணோக்கியில் பார்க்கும் மருத்துவர் காண்பதும் அகன்ற நாடா போன்ற இழைகளையே, வித்துகளை அன்று. எனவே அவர் இருமினாலும், அருகில் அமர்ந்து பேசினாலும், ஒரே தட்டில் உண்டாலும் உங்களுக்கு இந்நோய் வராது. அவருக்கு நோய் தந்த வித்துகள் காற்றிலிருந்து வந்தவை. அதே காற்றையே நீங்களும் சுவாசித்தீர்கள்.

அனைத்துப் பூஞ்சை நோய்களும் இவ்வாறானவை என்று கொள்ள வேண்டாம். படர்தாமரை இதற்கு நேர்மாறானது. தோலின் மேற்பகுதியில் வளரும் அப்பூஞ்சையின் இழைகள் தாமே துண்டு துண்டாக உடைந்து வித்துகளாக மாறுகின்றன. உதிரும் தோல் செதில்களோடு அவை துண்டு, உள்ளாடை, சீப்பு, படுக்கை விரிப்பு ஆகியவற்றில் ஒட்டிக்கொண்டு அடுத்தவரை அடைகின்றன. ஆகவே தனித் துண்டு வேண்டியது படர்தாமரை உள்ளவருக்கே. துணிகளை வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். படர்தாமரைக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் பல களிம்புகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அரிப்பு உடனே அடங்குவதால் குணமானது போல் தோன்றும். பூஞ்சையோ விரிவாகப் பரவும். மருத்துவரிடம் காட்டாமல் அவற்றைப் பூசாதீர்கள்.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. அதன் பெயரிலேயே நம் மாநிலத்து ஊர் இருக்கிறது. முள்ளோ கல்லோ குத்திய காயத்தின் வழியே மண்ணிலுள்ள பூஞ்சையோ சிலவகைப் பாக்டீரியாவோ காலினுள் புகுந்து, ஆண்டுக்கணக்கில் வீங்கி, பல துளைகளிலிருந்து குருணை போன்ற மணிகளை வெளியேற்றும் நோயை 1842ஆம் ஆண்டில் மதுரையில் பணியாற்றிய மருத்துவர் கில் பதிவு செய்தார். மதுரைக் கால் என்ற பெயரில் உலக மருத்துவ நூல்கள் அனைத்திலும் அது இடம்பெற்றுள்ளது. வயலிலோ முள்நிலத்திலோ வெறுங்காலுடன் நடந்து, வலியற்ற கட்டி காலில் தோன்றினால், வலி இல்லை என்று விட்டுவிட வேண்டாம்.

கருப்புப் பூஞ்சை நோயின் அறிகுறிகள்

இப்பெயர் மக்களை வழி தவறச் செய்துவிட்டது. பூஞ்சையின் இழைகள் கருப்பு அல்ல. அவை இரத்தக் குழாய்களுக்குள் ஊடுருவி அடைப்பதால் இரத்தம் கிடைக்காத திசு இறந்து கருக்கிறது. கருமை தெரியும்போது நோய் முற்றத் தொடங்கிவிட்டது என்று பொருள். ஆகவே கருமைக்காகக் காத்திருக்கக் கூடாது.

மூக்கையும் முகத்தையும் தாக்கும் வகையே இங்கு மிகுதி. தொடக்கத்தில் அது சாதாரணச் சளி போலவோ பல்வலி போலவோ இருக்கும். கவனிக்க வேண்டியது, அது பெரும்பாலும் முகத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் தொடங்கும் என்பதாகும். ஒரு பக்க மூக்கடைப்பு, கன்னத்தில் வலி அல்லது மரத்துப்போதல், ஒரு பக்கத் தலைவலி, மூக்கிலிருந்து இரத்தம் கலந்த அல்லது கரிய நீர் வடிதல், முன்பு உறுதியாக இருந்த பற்கள் திடீரென ஆடுதல், கண்ணிமை வீக்கம், இமை தானாகத் தாழ்தல், பொருள்கள் இரண்டாகத் தெரிதல், பார்வை மங்கல் ஆகியவை அறிகுறிகள். சர்க்கரை நோயாளிக்கோ ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டவருக்கோ இவற்றில் ஒன்று தோன்றினாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பார்வை மாறினாலோ, குழப்பமான பேச்சோ மயக்கமோ இருந்தாலோ ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் 108க்கு அழையுங்கள். இந்நோயில் ஒரு நாள் என்பது நீண்ட காலம்.

உடனிருப்பவர் செய்யக்கூடிய ஒரு எளிய சோதனை உண்டு. நோயாளியை வாயை அகலத் திறக்கச் சொல்லிக் கைப்பேசி வெளிச்சத்தில் மேலண்ணத்தைப் பாருங்கள். வெளிறிய, சாம்பல் அல்லது கரிய திட்டு தென்படுகிறதா என்று கவனியுங்கள். கன்னத்தின் இரு பக்கங்களையும் விரலால் மெல்லத் தொட்டு, உணர்வு இரு பக்கமும் ஒன்றுபோல் உள்ளதா என்று கேளுங்கள். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய சர்க்கரை நோயாளிக்கு முதல் சில வாரங்கள் நாள்தோறும் இதைச் செய்யலாம். ஒரு நிமிடம்கூட ஆகாது.

அதே வேளையில் இரத்தச் சர்க்கரை 250க்கு மேல் தொடர்ந்து நிற்பதுடன் வாந்தி, வயிற்றுவலி, மிகுந்த தாகம், வேகமான ஆழ்ந்த மூச்சு, மூச்சில் பழ வாசனை ஆகியவை சேர்ந்தால், மேலே கூறிய அமில நிலை தொடங்கியிருக்கலாம். இதுவும் அவசர நிலையே. "சாப்பிடவில்லை, அதனால் இன்சுலின் போடவில்லை" என்று கூறும் நோயாளிகள் பலர். உடல்நலமற்ற நாளில் இன்சுலினை முற்றிலும் நிறுத்துவது இந்நிலைக்கு இட்டுச்செல்லும் முதன்மைக் காரணங்களுள் ஒன்று. அளவை மாற்ற வேண்டுமா என்பதை மருத்துவரிடமோ, 104 மருத்துவ ஆலோசனை எண்ணிலோ கேட்டு அறியுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ் சர்க்கரை நோய் மருந்துகள் வீட்டிற்கே வழங்கப்படுகின்றன. கடலுக்குச் செல்லும் நாட்களில் மாத்திரை விட்டுப்போகிறது என்று மீனவர்கள் கூறுவதைக் கேட்டிருக்கிறேன்; களப்பணியாளரிடம் முன்கூட்டியே தெரிவித்தால் கூடுதல் நாட்களுக்கான மாத்திரை குறித்து வழிகாட்டுவார்.

சிகிச்சை

மூக்கினுள் உள்நோக்கி செலுத்திப் பார்த்து, சந்தேகமான இடத்திலிருந்து திசு எடுத்து, நுண்ணோக்கியில் பரிசோதிப்பர். நோய் எவ்வளவு தூரம் பரவியுள்ளது என்பதை அறிய ஸ்கேன் எடுக்கப்படும். முடிவு வரும்வரை காத்திராமல் மருந்து தொடங்கப்படுவதும் உண்டு. சிகிச்சை மூன்று முனைகளில் ஒரே நேரத்தில் நடைபெறும்: இறந்த திசுவை அறுவை சிகிச்சையால் அகற்றுதல், ஆம்போடெரிசின் பி என்னும் மருந்தை நரம்பு வழியே செலுத்துதல், சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருதல். இறந்த திசுவில் இரத்த ஓட்டம் இல்லாததால் மருந்து அங்கு சென்று சேராது. "மருந்து மட்டும் போதாதா, அறுவை எதற்கு?" என்று கேட்கும் உறவினர்கள் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். சிலருக்குக் கண்ணையே அகற்ற நேரிடுகிறது. உயிரைக் காக்கும் பொருட்டு எடுக்கப்படும் அம்முடிவில் தயக்கம் காட்டிக் கழியும் நாட்களில் பூஞ்சை மூளையை நோக்கிச் செல்கிறது.

ஆம்போடெரிசின் பி சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. இரத்தத்தில் பொட்டாசியத்தையும் குறைக்கும். அதனால்தான் அடிக்கடி இரத்தம் எடுக்கப்படுகிறது. படர்தாமரைக்கும் வெள்ளைப்படுதலுக்கும் கொடுக்கப்படும் ஃப்ளூகோனசோல் மாத்திரை இந்நோயைக் குணப்படுத்தாது. பூஞ்சை மாத்திரை என்ற பெயரை நம்பி அதை வாங்கி உட்கொண்டு நாட்களை இழக்காதீர்கள்.

செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காது மூக்கு தொண்டை, கண், பல், பொது மருத்துவம் ஆகிய துறைகள் ஒரே வளாகத்தில் இருப்பதால், இந்நோய் சந்தேகிக்கப்பட்டால் அங்கு அனுப்பப்படுவீர்கள். செல்லும்போது கடைசியாக எடுத்த சர்க்கரைப் பரிசோதனை முடிவு, எடுத்துக்கொண்ட அனைத்து மருந்துகளின் சீட்டு, குறிப்பாக ஸ்டீராய்டு எத்தனை நாள் எடுத்தீர்கள் என்ற விவரம் ஆகியவற்றைக் கையோடு கொண்டுசெல்லுங்கள்.

வீட்டில் வித்துகளைக் குறைத்தல்

வித்துகளே இல்லாத வீட்டை எவராலும் அமைக்க முடியாது. நம் கையில் இருப்பது ஈரம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் சென்னை, செங்கல்பட்டு மாவட்டங்களில் நீர் புகுந்த வீடுகளின் சுவர்களில் கரும்பச்சைப் படலம் தோன்றியதைப் பலரும் கண்டிருப்பீர்கள். அது கருப்புப் பூஞ்சை நோயைத் தரும் ரைசோபஸ் அன்று. ஈரச் சுவரில் வளர்பவை பெரும்பாலும் வேறு வகைகள். ஆயினும் ஆஸ்துமாவும் ஒவ்வாமையும் உள்ளவர்களுக்கு அவற்றின் வித்துகள் மூச்சுத்திணறலைத் தூண்டும். உலர்ந்த துடைப்பத்தால் தட்டாதீர்கள். வித்துகள் அறை முழுதும் பரவும். முகக்கவசம் அணிந்து, சன்னல்களைத் திறந்துவைத்து, சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்து, நன்கு உலர விடுங்கள். கசிவைச் சரிசெய்யாமல் மேலே வண்ணம் பூசினால் அடுத்த மழையில் மீண்டும் வரும். ஊறிப்போன மெத்தை, தலையணைகளைக் காப்பாற்ற முயல வேண்டாம். இப்பணியைச் சர்க்கரை நோயாளியோ ஆஸ்துமா நோயாளியோ செய்யாமல் வீட்டில் உள்ள வேறொருவர் செய்வது நல்லது. தோட்ட வேலையிலும், மட்கிய எரு கிளறும்போதும் அவர்கள் முகக்கவசமும் காலணியும் அணிய வேண்டும்.

நோயிலிருந்து மீண்டவர்களுக்கு

மேலண்ணத்தின் ஒரு பகுதியோ கண்ணோ அகற்றப்பட்டவர்களுக்குச் சிகிச்சை மருத்துவமனையை விட்டு வெளியேறும் நாளில் முடிவதில்லை. அண்ணத்தில் உள்ள திறப்பை மூட, செயற்கைப் பல் தட்டு போன்ற ஒரு மூடி அரசுப் பல் மருத்துவப் பிரிவுகளில் அளவெடுத்துச் செய்யப்படுகிறது. அது பொருந்திய பின் உணவு மூக்கின் வழியே வெளிவருவது நிற்கும், பேச்சும் தெளிவடையும். ஒவ்வொரு உணவுக்குப் பின்னும் மூடியைக் கழற்றிக் கழுவி, வாயையும் கொதிக்கவைத்து ஆறிய நீரால் கொப்பளிக்க வேண்டும். முகத்தின் எலும்பு குணமாகும்போது அளவு மாறுவதால் சில மாதங்களுக்குப் பின் புதிய மூடி தேவைப்படும். செயற்கைக் கண் பொருத்துவதற்கும் உரிய காலத்தைக் கண் மருத்துவர் தெரிவிப்பார். மூக்கினுள் உள்நோக்கிப் பரிசோதனைக்காகக் குறித்துத் தரப்பட்ட நாட்களில் வலி இல்லாவிட்டாலும் தவறாமல் செல்லுங்கள்; திரும்பத் தோன்றும் நோய் முதலில் அங்குதான் தெரியும்.